குட்டி லைன் பாலம்

அவளை அந்தப் பக்கத்தில் எல்லோரும் பிரேக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் வரும். தண்டவாளத்தில் ஓடுகிற தள்ளுட்ராலியின் பின்பக்கம் ஒற்றைக்கால் மடக்கி உட்கார்ந்து, இறக்கத்தில் சக்கரத்தின் மேல் மரக்கட்டையை அழுத்திப் பிடித்து வண்டியை அடக்குகிறவள் அவள். கட்டை புகையும், கருகின வாசம் வரும், வண்டி மட்டும் அவள் சொன்ன இடத்தில் நிற்கும். மூட்டை ஏற்ற வருகிறவர்களையும் அப்படித்தான் நிறுத்துவாள். "அந்த மூட்டைய முன்னால வைங்க. பின்னால வச்சா என்னைத்தான் மடியில கட்டிக்கிட்டு உருளும்" என்பாள்.

ட்ராலி ஓடுகிற லைன் ரயில் நின்றுபோன லைன். குட்டி லைன் என்பார்கள். ஒரு ஆள் காலை அகட்டி நின்றால் இரண்டு தண்டவாளத்தையும் மிதித்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான் அகலம். மேலே பாறை உடைக்கிற இடத்திலிருந்து கல்லைக் கீழே கொண்டுவரப் போட்டது. கல் வண்டிக்குப் பின்னால் ஒரு பெட்டி, பிறகு இரண்டு பெட்டி என்று ஆட்களும் ஏற ஆரம்பித்தார்கள். மேட்டில் அந்த ரயில் மூச்சு வாங்குகிறதைப் பார்த்தால் இறங்கி ஒரு கை கொடுக்கலாமா என்று தோன்றும். கொடுத்தும் இருக்கிறார்கள். மழை நாளில் தண்டவாளம் வழுக்கினால் பெட்டியிலிருந்தவர்களே இறங்கி ஜல்லியோடு கிடக்கிற மண்ணை அள்ளிப் போடுவார்கள். வளைவில் இறங்கி ஒதுங்கிவிட்டு அடுத்த வளைவில் ஓடி ஏறிக்கொண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டால் வெட்கமில்லாமல் சொல்வார்கள். பிறகு கல்லுக்குக் கிராக்கி போனது. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ரோடு வந்தது. ஒருநாள் ரயிலை நிறுத்தினார்கள். என்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பூங்காவில் பச்சை அடித்து நிறுத்திவிட்டார்கள்.

தண்டவாளத்தை யாரும் தொடவில்லை. மேல் ஸ்டேஷனைச் சுற்றியிருந்த வீடுகளும் எங்கேயும் போகவில்லை. அவர்களுக்கு உருளைக்கிழங்கு இருந்தது, முட்டைக்கோஸ் இருந்தது, பால் இருந்தது, காய்ச்சலும் பேறுகாலமும் இருந்தன. பெரிய ரோடு போகிற மேடு வேறு, இவர்கள் இருக்கிற மேடு வேறு. அதனால் லைனைப் பழுது பார்த்த கேங்குக்காரர்கள் போட்டுவிட்டுப் போன பழைய ட்ராலியைத் தட்டி, பலகை மாற்றி, அச்சுக்கு எண்ணெய் விட்டு அவள் ஓட்ட ஆரம்பித்தாள். அவளும் அவள் நாத்தனாரும் மேலே போகும்போது தள்ளுவார்கள், கீழே வரும்போது உட்கார்ந்து வருவார்கள். நடுவில் ஆற்றுக்கு மேல் இரும்புப் பாலம். பாலத்தில் தண்டவாளமும் அதைத் தாங்குகிற ஸ்லீப்பர் கட்டையும்தான், வேறு தளம் கிடையாது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் பார்த்தால் ஆழத்தில் தண்ணீர் தெரியும். அவர்கள் இருவரும் கட்டை கட்டையாகத் தாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு அதைக் கடக்கும்போது ஊர்க்கதை பேசிக்கொண்டே போவார்கள்.

இவள் புருஷன் அந்த லைனில் கேங் மேஸ்திரியாக இருந்தவன். ரயில் நின்றபிறகு கால்வாய் வெட்டினான், சுவர் இடித்தான், கிடைத்ததைச் செய்தான். ஒருநாள் சாயங்காலம் வழக்கத்தைவிட நிமிர்ந்து நடந்து வந்தான். அவள் வாசலில் உட்கார்ந்து சக்கர அச்சில் பழைய கிரீஸைத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"லைனைப் பிரிக்கப் போறாங்க. பழைய கேங்கைத்தான் கேட்டிருக்காங்க. நான்தான் மேஸ்திரி."

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பொண்டாட்டி ஓட்டுகிற லைனைப் புருஷன் வந்து பிரிக்கிறான். யார் தலையில் கை வைக்கிறோம் என்று தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது, தான் இல்லையென்றால் வேறு ஆள் வரும், வெளியாள் வந்து பிரிக்கும்போது நம் கேங்குக்காரர்கள் கைகட்டி வேடிக்கை பார்ப்பார்கள், அது நன்றாக இருக்குமா என்றான். அதில் பொய் இல்லை. இரும்பு போனாலும் பாதை போகாது என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ரயிலுக்காக வெட்டின பாதை, செங்குத்தாக எங்கேயும் ஏறாது, கைவண்டி தள்ளலாம்.

"பாலம்?" என்றாள்.

"பாலமும்தான். கடைசியில கேஸ் வச்சு அறுத்து எடுத்துருவாங்களாம்."

அவள் கையிலிருந்த துணி நின்றது. பாலம் போய்விட்டால் ஆற்றில் இறங்கி, ஆடு ஏறுகிற சரிவில் ஏற வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. மேலே இருப்பவர்கள் மேலேயே கிடக்க வேண்டியதுதான். போன மழையில் மேல் ஸ்டேஷன் தச்சர் மனைவியை வலி எடுத்த நேரத்தில் கம்பளி சுற்றி ட்ராலியில் கொண்டுவந்தது நினைவுக்கு வந்தது. பாலத்து நடுவில் அந்தப் பெண் பிடித்த பிடியில் இவள் மணிக்கட்டு பல நாள் கன்றிப்போய் இருந்தது. அவள் அச்சை மறுபடி துடைத்தாள்.

வேலை ஆரம்பித்த அன்று காலையில் கேங் மொத்தமும் பழைய சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தது. கீழ் ஸ்டேஷனில் கருவி வைக்கிற கொட்டகையை ஒட்டி முதல் மைல்கல் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர்களுக்கு எந்த வேலையும் அந்தக் கல்லில்தான் ஆரம்பம். கடப்பாரையை எடு, கல்லண்டை போ, அங்கிருந்து மேலே பார்த்துக்கொண்டே நட. கால்கள் பழக்கப்பட்டவை, அங்கேயே போய் நின்றன. யாரும் யோசிக்கவில்லை. முதல் இணைப்புப் பட்டையின் துருப்பிடித்த நட்டுகளை இரண்டு பேர் நீளமான ஸ்பேனர் போட்டுத் தொங்கித் திருகினார்கள். அது கத்திக்கொண்டு திறந்தபோது ஒருத்தன் விசில் அடித்தான். கருப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நின்ற, லைன் இரும்பை ஏலம் எடுத்த கான்ட்ராக்டர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். வேலை விறுவிறுவென்று ஓடியது. ஆணி பிடுங்குகிறவன் முன்னால், தண்டவாளம் தூக்குகிறவர்கள் பின்னால். பக்கத்திலேயே லாரி. அன்றைக்கே ஏற்றி, அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

மதியம் அவளும் நாத்தனாரும் கிழங்கு மூட்டையோடு இறங்கி வந்தார்கள். கீழ் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் பாறையை வெட்டின சந்து ஒன்று வரும். குட்டி ரயிலின் தோள் உரசுகிற அளவுக்குத்தான் அங்கே இடம். சந்துக்கு மேல்பக்கம் வந்ததும் அவள் கட்டையை அழுத்தினாள். எதிரே ஸ்லீப்பர் கட்டைகள் மட்டும் கிடந்தன, தண்டவாளம் இல்லை.

"என்ன அண்ணி, வழியக் காணோம்?" என்றாள் நாத்தனார்.

"உங்க அண்ணன் தின்னுட்டாரு."

சொல்லிவிட்டாளே தவிர அவள் எழுந்திருக்கவில்லை. சந்துக்குள் லாரி நுழையாது. மேலே மலை முழுக்கக் கிடக்கிற இரும்பு லாரிக்கு வர வேண்டுமென்றால் அதே லைனில் ட்ராலியில் உருண்டுதான் வர வேண்டும். அப்படியென்றால் மேலிருந்து கீழே பிரித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். இவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளே போட்டவர்கள் மாதிரி வாசலைப் பிரித்துவிட்டார்கள். அவளுக்கு ஒரு நிமிஷம் உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மேலே இருப்பது மேலேயே கிடக்கும், பாலமும் கிடக்கும், தன் ட்ராலியும் ஓடும்.

மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சந்து வழியாக முதுகில் தூக்கிப் போகும்போது அந்தக் குதூகலம் வடிந்துவிட்டது. கான்ட்ராக்டர் அழுதுகொண்டு போகிறவர் இல்லை. தோளில் சுமந்து வாங்கடா என்பார். சுமக்கப்போவது இந்தக் கேங், முன்னால் நிற்கப்போவது தன் புருஷன். அதோடு ஊர் சிரிக்கும். லைனிலேயே பிறந்த மாதிரிப் பேசின மேஸ்திரி எந்தப் பக்கம் பிரிப்பது என்று தெரியாமல் பிரித்தான் என்று டீக்கடையில் ஆயுசுக்கும் ஓட்டுவார்கள்.

சாயங்காலம் அவனுக்கு அவித்த கிழங்கையும் ரொட்டியையும் வைத்தாள். அவன் வேலை எப்படிப் பறந்தது என்று வாய் ஓயாமல் சொன்னான். சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கேட்டாள்.

"எந்தப் பக்கத்துல இருந்து பிரிச்சீங்க?"

"முதல் கல்லுல இருந்துதான். எப்பவும் அங்க இருந்துதானே."

"அது ரிப்பேருக்கு. இன்னிக்குப் பண்ணது ரிப்பேரா?"

அவன் கை தட்டில் நின்றது. கோபம் முதலில் வந்தது, எனக்குச் சொல்லித் தர வந்துட்டியா என்கிற முகம். அப்புறம் கண் எங்கேயோ போனது. மனசுக்குள் லைன் நெடுக நடந்து மேல் ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்து சந்தில் முட்டிக்கொண்டு நின்றான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ட்ராலி" என்றான் மெதுவாக.

"ம்."

"கேங்குல ஒருத்தனுக்குக் கூடத் தோணலையே."

"எல்லாம் ஒரே செக்குல சுத்துனவங்கதானே. சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

அவன் சாப்பிடவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். வழி அவனுக்கே வந்தது, அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலே சும்மா கிடக்கிற தண்டவாளத்தைக் கழற்றிச் சந்து வரைக்கும் ட்ராலியில் கொண்டுவந்து, பிரித்த இடத்தில் மறுபடி போட வேண்டும். கட்டைகள் அதே இடத்தில்தான் கிடக்கின்றன. போட்டுவிட்டால் லைன் கீழே வரைக்கும் வந்துவிடும். மேல் ஸ்டேஷனில் ரயில் ஒதுங்கி நிற்கிற உள்லைன் ஒன்று உண்டு, யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. எடுத்ததை மறுபடி போடப்போகிற மேஸ்திரி உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்றான். சொல்லும்போது வாய் கோணினாலும் சிரித்துவிட்டான்.

மறுநாள் கான்ட்ராக்டரிடம் அவனே போய்ச் சொன்னான். தப்பு என்னுது என்றான், சுற்றி வளைக்கவில்லை. அவர் குதித்தார். குதித்து முடித்ததும் ட்ராலி யாருடையது என்று கேட்டார். மேஸ்திரி பின்னால் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"லைன் உங்களோடது. ட்ராலி என்னோடது" என்றாள். "மொத்த இரும்பையும் இறக்கித் தரேன். மத்தவங்களுக்கு என்ன கூலியோ அதைக் கொடுங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணு வேணும்."

"என்ன வேணும்?"

"பாலம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தூக்கிட்டு வீட்டுக்குப் போவியாம்மா?"

"வேண்டாம். இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

அவர் சரி சரி, பாத்துக்கலாம் என்றார். அந்தப் பாத்துக்கலாமுக்குள் இல்லை என்பதும் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளும் பாத்துக்கலாம் என்றாள்.

அந்த ஒரு துண்டு லைனை அவர்கள் மறுபடி போட்டதைப் பார்த்திருக்க வேண்டும். கலைக்க வந்த கேங்குக்குக் கட்டுகிற வேலை கிடைத்ததும் கையே மாறிவிட்டது. தண்டவாளத்தைச் சுமந்து வந்தவர்கள் ஒரே மூச்சில் கட்டையின் மேல் இறக்கினார்கள். மேஸ்திரி குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்த்தான். "இடது, இன்னும், போதும்" என்று கை காட்டினான். ஆணி அடிக்கிற சத்தம் சந்துக்குள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. சில நாள் ஓடினால் போதும், அதற்குப் போய் இவ்வளவு நேர் பார்க்கிறாயே என்று ஒருத்தன் கிண்டல் பண்ணினான். கோணலாகப் போட எனக்குத் தெரியாதுடா என்றான் மேஸ்திரி. முதல் லோடு அந்தத் துண்டின் மேல் உருண்டபோது சக்கரம் எங்கேயும் தட்டவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமலே தலையாட்டினாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

பிறகு மேலிருந்து பிரித்தார்கள். மேல் ஸ்டேஷன்காரர்கள் வீட்டுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். கிழங்குக்காரர் ஒருத்தர், பொண்டாட்டி தள்ள, புருஷன் பிரிக்க, ரொம்பப் பொருத்தமான ஜோடி என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். கைவண்டிக்குப் பாதை இருக்கும் என்றாள். பாலம் இருக்குமா என்று அவர் கேட்டார். இருக்கும் என்றாள். எதை நம்பிச் சொல்கிறீர்கள் அண்ணி என்று இறக்கத்தில் நாத்தனார் கேட்டபோது, "என் வாயை நம்பித்தான்" என்றாள்.

ஒவ்வொரு லோடுக்கும் அவளுக்குப் பின்னால் லைன் குறைந்துகொண்டே வந்தது. தண்டவாளம் போன இடத்தில் கட்டை அழுந்தின தடம் ஏணி மாதிரி கிடந்தது. இரும்பு லோடு கிழங்கு லோடு மாதிரி இல்லை, இறக்கத்தில் இழுக்கும். இரண்டு கையாலும் கட்டையை அழுத்தி அழுத்தி அவளுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. சாயங்காலங்களில் அவன் சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தான், இரண்டு பேருமே பாலத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

மேல்பாதி முழுக்கப் பிரிந்து, கடைசி லோடு பாலத்தண்டை வந்தது. வெயில் சுள்ளென்று இருந்தது. அக்கரையில் ஏதோ பளபளத்தது. நாத்தனார் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணி, சிலிண்டரு."

இரண்டு கேஸ் சிலிண்டரைப் பாலத்து முனையில் நிறுத்திவைத்திருந்தார்கள். பக்கத்தில் அறுக்கிற ஆள் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கட்டையை அழுத்தினாள். பாலத்துக்கு இந்தப் பக்கம், முதல் கட்டைக்கு முன்னால் வண்டி நின்றது. இறங்கிச் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கல்லை வைத்தாள். பிறகு தண்டவாளக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சந்து வரைக்கும், சந்திலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் இரும்பு இன்னும் தரையில்தான் இருக்கிறது. ட்ராலி இல்லாமல் அது நகராது. அவளுக்கு அது தெரியும், அக்கரையில் நிற்கிற கான்ட்ராக்டருக்கும் தெரியும்.

கேங் பின்னாலிருந்து கருவிகளோடு வந்து சேர்ந்தது. மேஸ்திரி சிலிண்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"லோடை இறக்கிட்டுப் பேசலாம்" என்றான். "இந்த வேலை நல்லா முடிஞ்சா அடுத்து இன்னொரு லைனுக்கு நம்ம கேங்கையே கூப்பிடறேன்னிருக்காரு. இத்தனை பேரு அதை நம்பிக்கிட்டு இருக்காங்க."

"இறக்கிட்டா என்னத்தப் பேசறது? அப்புறம் அவரு பேசுவாரு, நாம கேப்போம்."

"நான் மேஸ்திரி. நான் என்ன சொல்லட்டும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பொண்டாட்டி சொன்ன பேச்சு கேக்கலைன்னு சொல்லுங்க. ஊர்ல எல்லாரும் நம்புவாங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு பாலத்தையே பார்த்தான். அந்தப் பாலத்தில் ஒவ்வொரு கட்டையையும் அவன் கையால் ஒருமுறையாவது மாற்றியிருக்கிறான். ரயில் நின்றபிறகும், யாரும் கேட்காமலே, மழைக்கு முன்னால் வந்து நட்டுகளை முறுக்கிவிட்டுப் போவான். அவளிடம்கூடச் சொன்னதில்லை, ஆனால் சட்டையில் துருக்கறை பார்த்து அவளுக்குத் தெரியும்.

கடப்பாரையைக் கீழே போட்டான். "தள்ளி உக்காரு" என்றான்.

அவள் தள்ளி உட்கார்ந்தாள். அவன் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேங்குக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் கருவியைப் போட்டுவிட்டு நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒருத்தன் ரொட்டியைப் பிரித்தான்.

அக்கரையிலிருந்து கான்ட்ராக்டர் கை ஆட்டினார், கத்தினார். ஆற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர்களும் கேட்கவில்லை என்றார்கள். கடைசியில் அவரே பாலத்தில் இறங்கினார். இத்தனை நாளும் அவர் அக்கரையிலேயேதான் நின்று வேலை பார்த்தார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. முதல் சில கட்டைகளை வேகமாகத் தாண்டினார். பிறகு வேகம் குறைந்தது. ஆற்று நடுவுக்கு வந்ததும் கீழே பார்த்துவிட்டார். அவ்வளவுதான். ஒரு கால் ஒரு கட்டையில், இன்னொரு கால் அடுத்த கட்டையில், கை இரண்டும் காற்றில். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. தலையிலிருந்த கண்ணாடி நழுவி, கட்டை இடுக்கில் விழுந்து, தண்ணீருக்குப் போனது.

கேங்கில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த நாளில் எல்லோருக்கும் அந்த இடத்தில் அப்படி ஆகியிருக்கிறது. மேஸ்திரி எழுந்திருக்கப் போனான். அவள் அவன் தோளை அழுத்திவிட்டுத் தானே இறங்கினாள். வீட்டுக்குள் நடக்கிற மாதிரிக் கட்டை மேல் நடந்துபோய் அவர் முன்னால் நின்றாள்.

"கீழ பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாருங்க. அழகா இல்லேன்னாலும் பரவாயில்ல" என்றாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது. "வலது கால வைங்க. அந்தக் கட்டை கெட்டி, எங்க வீட்டுக்காரர் போட்டது. ம், இப்ப இடது."

அவரைத் தன் பக்கத்துக் கரைக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் ட்ராலி ஓரத்தில் உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார்.

"இதுலயா தினம் போறீங்க?"

"நாங்க போவோம். பேறுகாலத்துக்கு ஒருத்தியக் கூட்டிக்கிட்டும் போயிருக்கோம். இனிமே ட்ராலி கிடையாது, தண்டவாளமும் கிடையாது. பாலமும் இல்லேன்னா அவங்க ஆத்துலதான் இறங்கணும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "பாலத்து மேல இருக்கிற தண்டவாளத்தை எடுத்துக்கங்க. அடியில இருக்கிற இரும்பும் கட்டையும் விடுங்க. அதுமேல பலகை அடிச்சுக்கறோம். மிச்ச லோடு எனக்குக் கூலி இல்லாம இறக்கித் தரேன்."

"கேங்கும் பலகை அடிக்கிற நாளுக்குக் கூலி கேக்காது" என்றான் மேஸ்திரி. கேட்காமலே சொல்லிவிட்டோமே என்று திரும்பிப் பார்த்தான். ரொட்டி தின்றுகொண்டிருந்தவன் வாயில் ரொட்டியோடு தலையாட்டினான்.

அவர் பாலத்தைப் பார்த்தார். திரும்பிப் போவதற்கும் அவருக்கு அதுதான் வழி. "பலகைக்கு எங்க போவீங்க?" என்றார் கடைசியில்.

"கீழ் ஸ்டேஷன் கூட்ஸ் கொட்டகை இருக்கு. அதுவும் உங்க கணக்குலதானே வருது."

"அதையும் கேக்கறியா?"

"கேட்டாச்சு."

அவர் கொடுத்தார். நல்ல மனசா, திரும்பி நடக்க வேண்டிய பயமா என்று நாத்தனார் பிறகு பலநாள் ஆராய்ச்சி பண்ணினாள். சிலிண்டர் பத்திரமாக லாரி ஏறியது. அவரை ட்ராலியில் தண்டவாளக் குவியலின் மேல் உட்காரவைத்து அவளே அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டாள். கண்ணைத் திறக்கவே இல்லை அவர்.

கீழ்ப்பாதியும் பிரிந்து முடிந்தது. ட்ராலியின் சக்கரங்களையும் அவளே கழற்றி லாரியில் போட்டாள், ஓட லைன் இல்லாத சக்கரத்தை வீட்டில் வைத்துக் கும்பிடவா என்றாள். கேங் அந்தக் கூட்ஸ் கொட்டகையைப் பிரித்துப் பலகையை நெடுக்காக அடித்தது, இரண்டு ஓரத்திலும் இரும்புக் குழாய் நட்டுக் கம்பி கட்டியது. மேல் ஸ்டேஷன்காரர்கள் முதல்நாள் நடந்து பார்த்துவிட்டு, பலகை கிறீச்சிடுகிறது, இன்னும் ஒரு ஆணி அடித்திருக்கலாம் என்றார்கள்.

அவள் கைவண்டி ஒன்று பேசிவைத்திருந்தாள். அது வருவதற்கு முன்னால், பாலம் முடிந்த இரண்டாம் நாள் காலையிலேயே, சந்து வழியாக ஒரு ஆட்டோ பாலத்தண்டை வந்து நின்றது. ஆட்டோக்காரன் தலையை நீட்டி, மேல் ஸ்டேஷனுக்கு இதுதானே வழி, லோடு கிடைக்குமாமே என்று கேட்டான்.

நாத்தனாருக்கு முகம் விழுந்துவிட்டது. "பாத்தீங்களா அண்ணி. நாம சண்டை போட்டுப் பாலம் வாங்குனா, பொழைக்கறவன் வேற எவனோ."

பலகைக்கு அந்த இன்னொரு ஆணியை அடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியும் நிமிர்ந்து பொண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அவள் ஆட்டோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டயரை உதைத்துப் பார்த்தாள். பின்சீட்டைக் கையால் அழுத்தினாள்.

"இதைக் கழட்டு" என்றாள். "மூட்டை வைக்க இடம் வேணும்."

"யாரு மூட்டை அக்கா?"

"மேல இருக்கிற மூட்டை மொத்தமும் என்னைக் கேட்டுத்தான் இறங்கும். யாரு வீட்டுல எந்தக் கிழமை கிழங்கு தோண்டுவாங்க, யாரு பால் எந்நேரம் வரும், உனக்குத் தெரியுமா? வண்டி உன்னுது. லோடு என்னுது. ஆளுக்குப் பாதி."

அவன் யோசித்தான். அவள் அவன் யோசித்து முடிக்கக் காத்திருக்கவில்லை. டிரைவர் சீட்டில் அவனை ஒதுக்கிப் பாதியில் உட்கார்ந்தாள். நாத்தனார் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினாள். மேஸ்திரி பாலத்து வாயில் ஒதுங்கி நின்று, கண்ணாடிகளை மடக்கிக்கொள் என்று சைகை காட்டினான். முன்சக்கரம் பலகையில் ஏறியது. ஆற்று நடுவில் ஆட்டோக்காரன் பலகை இடுக்கில் தெரிந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தாத" என்றாள். "போ."